விசா முடிகிற மாதம்

வருடத்தில் உனக்குப் பிடித்த மாதம் எது என்று யாராவது கேட்டிருந்தால், கிறிஸ்துமஸ் மாதம் என்றுதான் எட்சன் சொல்லியிருப்பான். உண்மையில் அவனுக்குப் பிடித்தது ஜூலை. அந்த மாதத்தில்தான் அவன் மனைவி டிலானியின் விசா முடியும். அதற்குச் சில வாரங்கள் முன்பே வீடு மாறத் தொடங்கிவிடும். அவனுக்கும் அவளுக்கும் நடுவே பேச்சு வளராது. மீன்குழம்பில் தேங்காய் அவன் கேட்கிற பக்குவத்தில் அரைபட்டு விழும். சாயங்காலம் அவன் டெம்போவை முற்றத்தில் நிறுத்தி இறங்கும்போதே, குளிக்கத் தண்ணீர் சூடாக இருக்கும்; சாயா அவன் கையைத் தேடி வரும். சிதறால் போகிற வழியில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய அந்தச் சின்ன ஓட்டு வீட்டில், ஜூலை மாதம் மட்டும் எட்சன் ஒரு முதலாளி.

முதலில் அப்படி இருக்கவில்லை.

அவன் குவைத்தில் ஒரு அரபியின் வீட்டில் டிரைவராக இருந்தவன். டிலானி அதே வீட்டில் அடுக்களை வேலைக்கு வந்தவள். இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பேச்சில் முடியாது என்பதற்கு 'ஏலாது', தொல்லைக்குக் 'கரைச்சல்' என்று அவர்கள் ஊர்ச் சொற்கள் விழும். அரபிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறவனுக்குப் பின்வாசல் வழியாக ஒரு கோப்பைத் தேத்தண்ணி நீட்டுவாள். அவ்வளவுதான் தொடக்கம்.

அந்த வீட்டில் எட்சனின் பாஸ்போர்ட், அரபாப் என்று அவர்கள் அழைக்கும் முதலாளியின் அலமாரியில் இருந்தது. வருடா வருடம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க அரபாப் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நாட்களில் எட்சன் வரவேற்பறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பான். உள்ளே அரபாப் நண்பர்களோடு சிரித்துக்கொண்டிருப்பான். நீண்ட நேரம் கழித்து இவன் பக்கம் திரும்பி, "புக்ரா" என்பான். நாளைக்கு என்று அர்த்தம். நாளைக்கும் அதையே சொல்வான். ஒருமுறை, கார் கழுவியது சரியில்லை என்று அதே வாசலில் நண்பர்கள் முன்னால் இவனைத் தோப்புக்கரணம் போடச் சொன்னான். எட்சன் போட்டான். அதை அடுக்களைக் கதவிடுக்கில் நின்று டிலானி பார்த்தாள். இவனும் அவள் பார்ப்பதைப் பார்த்தான். பின்னால் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டபோது, அதைப் பார்த்த பிறகும் தன்னை மதிக்கிறாளே என்ற நன்றிதான் அவனுக்குள் பெரிதாக இருந்தது.

கடைசியில் அரபாப் ஒரு வருடம் கையெழுத்தே போடவில்லை. எட்சன் ஊருக்கு வந்தான். அவள் ஒப்பந்தம் முடித்து இலங்கைக்குப் போய், அங்கிருந்து சுற்றுலா விசாவில் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினாள். அவன் அம்மா ஜெபகுமாரி, "ஊருல உள்ள பெண்ணெல்லாம் செத்தா போச்சு? ஒரு சிலோன்காரிய கெட்டணுமா?" என்று மூன்று ஞாயிறு சபைக்குப் போகாமல் கிடந்தாள். எட்சன் அசையவில்லை. சபையில் கல்யாணம் நடந்தது, பதிவும் செய்தார்கள். சுற்றுலா விசாவை மனைவிக்கான விசாவாக மாற்றுவதற்கு எத்தனை அலைச்சல்! மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் லிஜிதான் எல்லாம் ஆன்லைனில் ஏற்றிக் கொடுத்தாள். கணவன் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று வேண்டும் என்றாள். எட்சன் அங்கேயே நின்று எழுதி, கையெழுத்துப் போட்டான். அந்த வருடம் அனுமதி வந்த அன்று டிலானியை மண்டைக்காட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். அவளும் அவனும் அலையில் நின்று சிரித்தார்கள்.

மகள் பிரீனா பிறந்தாள். எட்சனுக்கு டெம்போ ஓட்டம் குறைந்தது. ஹாலோபிளாக் ஏற்றிப் போகிற இடங்களில் கூலிக்காக வாசலில் காக்க வேண்டியிருந்தது. வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துவரவில்லை. பிள்ளைக்கு எதை ஊட்டுவது என்பதில் ஒரு நாள் பெரிய சண்டை வந்து, "உங்க பேச்சு எனக்கு ஏலாது மாமி, என்ட பிள்ளைக்கு நான் பாத்துக்குவேன்" என்று டிலானி சொல்லிவிட்டாள். விசா முடிய ஒரு மாதம் இருந்த சமயம். எட்சன் யோசிக்காமல்தான் சொன்னான்:

"கையெழுத்து வேணும்னா அம்மைட்ட போய் மாப்பு கேளு."

சொன்ன பிறகு அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் டிலானி நேராகப் போய் ஜெபகுமாரியின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டாள். வீடு சட்டென்று அமைதியானது. அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு பரிமாறும்போது அவள் கை லேசாக நடுங்கியது. எட்சன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். அவன் நாக்குக்கு எல்லாமே ருசியாக இருந்தது.

கையெழுத்தைக் கடைசி வாரத்தில் போட்டுக் கொடுத்தான்.

அடுத்த வருடம் அவன் வாய் தவறிச் சொல்லவில்லை, தெரிந்தே சொன்னான். முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகிறேன் என்ற பேச்சை அவள் விட வேண்டும். அண்ணனுக்கு வாரத்துக்கு ஒருமுறைதான் போன் செய்ய வேண்டும். "நீங்க சொல்றதெல்லாம் கேக்கறேனே" என்று அவள் அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள். பாஸ்போர்ட்டை அவன் வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினான். தொலைந்துவிடக் கூடாதே என்றான். அவன் பொய் சொல்வதாக அவனுக்கே தோன்றவில்லை.

இந்த வருடம் மே மாதம், பிரீனாவின் ஆதாருக்காக லிஜியின் சென்டருக்குப் போன டிலானி, முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வந்தாள். எட்சன் முற்றத்தில் டெம்போவைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் பிள்ளையை இறக்கிவிட்டு, குழாயைத் தானே வாங்கி டயருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே பேசினாள்.

"லிஜி சொன்னாங்க. கல்யாணம் பதிஞ்சு ரெண்டு வருஷம் தாண்டிட்டா, இந்தியாக்காரர்ட பொண்டாட்டிக்கு, புருஷன் கையெழுத்தோட ஓசிஐ கார்டு கேக்கலாமாம். அது கிடைச்சா வருஷா வருஷம் இந்தக் கரைச்சல் இல்ல. உங்களுக்கும் அலைச்சல் இல்ல."

"ம்."

"அது சுணங்கும்னா, இப்ப வழக்கம்போல ஒரு வருஷம் நீட்டிக்கிட்டே அதுக்கும் போடலாமாம். இல்லன்னா இன்னொண்ணு இருக்கு. நாம மூணு பேரும் எங்க ஊருக்குப் போனா, என்ட புருஷன்னு சொல்லி உங்களுக்கு அங்க விசா எடுக்கலாம். அண்ணன் லொறி வச்சிருக்கார். நீங்க ஓட்டலாம்."

"அப்பம் உனக்க கையெழுத்துல நான் அங்க இருக்கணும். இல்லியா?"

அவள் சிரித்தாள். அவன் விளையாட்டாகச் சொல்கிறான் என்று நினைத்தாள். "நான் உடனே போட்டுத் தருவேனே" என்றாள்.

"பாப்போம்" என்று எட்சன் பக்கெட்டைக் கவிழ்த்தான்.

ஜெபகுமாரி இதையெல்லாம் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். டிலானி உள்ளே போனதும் மகனிடம் வந்து தணிந்த குரலில் சொன்னாள்: "ஏலே, கார்டு கையில கிட்டினா பின்ன அவ உன்ன மதிப்பாளா? யோசிச்சு செய்யி."

அம்மா சொல்லாவிட்டாலும் அவன் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். அந்தக் கார்டு வந்துவிட்டால் ஜூலை மாதம் என்னவாகும்? மற்ற மாதங்களைப் போல ஆகிவிடும். வெந்நீர் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. அவள் இன்னொரு தடவை, 'ஏலாது' என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்வாள்.

ஜூன் மாதத்தில் அவள் மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை, ஃபோட்டோ ஒட்ட வேண்டுமாம், ஸ்டூடியோவுக்குப் போகலாமா என்றாள். அடுத்த தடவை, சபையில் இருந்து திரும்பும் வழியில், பிரீனா தூங்கிவிட்ட சமயம் கேட்டாள். மூன்றாவது தடவை அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிறவரை காத்திருந்து கேட்டாள்.

"கார்டுக்கு எப்ப போடலாம்?"

"நாளைக்குப் பாப்போம்."

"நேத்தும் நாளைக்குன்னீங்க."

"நாளைக்குன்னா நாளைக்குதான். எதுக்கு இப்பம் வெப்ராளப்படுத, என்ன அவசரம்?"

டிலானி அவன் கையில் துண்டைக் கொடுத்தாள். பிறகு கோபம் ஒன்றும் இல்லாமல், ஏதோ நினைவு வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்:

"நீங்களும் புக்ரா சொல்லப் பழகிட்டீங்க."

எட்சனுக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. இந்த ஊரில் யாருக்கும் தெரியாத அந்த வாசல், கழற்றிப் போட்ட செருப்பு, தோப்புக்கரணம், கதவிடுக்கில் அவள் கண்கள், எல்லாம் ஒரே சொல்லில் வந்து நின்றன. அதைப் பார்த்தும் மதித்தாள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தான். பார்த்ததை மறக்கவில்லை என்றுதான் இப்போது பட்டது. துண்டை அவள் தோளில் எறிந்தான்.

"கார்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு வருஷம் வேணும்னா கேளு. கேக்குத மாதிரி கேளு."

டிலானி துண்டை எடுத்து மடித்தாள். அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை.

ஜூலை பிறந்தது. எட்சன் காத்திருந்தான். அவள் சமைத்தாள், துவைத்தாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். ஆனால் வெந்நீர் இல்லை. மீன்குழம்பு அவளுக்குப் பிடித்த மாதிரி, மிளகாய் தூக்கலாக இருந்தது. அவன் அலமாரிச் சாவியை வேண்டுமென்றே மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது அது வைத்த இடத்தில் வைத்தபடியே கிடந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஜூலை ஆச்சு" என்றான்.

"ஆமாங்க. மழை விட்டிருச்சு. துணி காயுது" என்றாள் அவள்.

அவனுக்கு இரவும் பகலும் அதே நினைப்பாகப் போயிற்று. கடைசி நாள் வரை போகட்டும், அப்போது காலில் விழுவாள் என்று எண்ணினான். விழுந்ததும் என்ன செய்வது என்றும் எண்ணி வைத்திருந்தான். உடனே பிடித்துத் தூக்கிவிட வேண்டும். அன்றைக்கே லிஜியிடம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வேண்டுமானால் கார்டுக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம். அவள் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி எண்ணும்போதெல்லாம் அவனுக்கு அவள் மேல் அன்பு பொங்கியது. தான் நல்லவன் என்று தோன்றியது.

அவனுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. டிலானி தன் போனில் இருந்த பாஸ்போர்ட் படத்தைக் கொண்டுபோய், லிஜியிடம் கொடுத்து நீட்டிப்புக்குத் தானே விண்ணப்பித்திருந்தாள். கணவர் கடிதம் தரத் தாமதிக்கிறார், நாங்கள் சேர்ந்துதான் வாழ்கிறோம், வீட்டில் வந்து விசாரித்துக்கொள்ளலாம் என்று அவள் கையாலேயே எழுதி இணைத்திருந்தாள்.

விசாரிக்க வந்தது சபிதா என்ற பெண் ஏட்டு. முற்பகல் நேரம். ஸ்கூட்டரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். டிலானி முற்றத்தில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். பிரீனா உரித்த தோலை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். எட்சன் ஓட்டமில்லாமல் வீட்டில் இருந்தான். ஏட்டம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள். ஜெபகுமாரி கதவோரம் வந்து நின்றாள்.

"நீங்கதானே எட்சன்? இவங்க விசா நீட்ட மனு போட்டிருக்காங்க. உங்க கடிதம் இல்ல. அதான் கேட்டுட்டுப் போக வந்தேன்."

எட்சன் டிலானியைப் பார்த்தான். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தாள்.

"மனுவா?" என்றான் எட்சன்.

"உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்பது உண்மை. ஆனால் அந்த உண்மைக்குள்ளே ஒரு வழி திறந்து கிடப்பதை அந்த நொடியில் அவன் கண்டான். இந்தக் காக்கிச் சட்டைக்கு முன்னால், அம்மாவுக்கு முன்னால், டிலானி தன் பக்கம் திரும்பிக் கேட்கட்டும். ஒரே ஒரு தடவை கேட்கட்டும்.

"எனக்குத் தெரியாது. எங்கிட்ட கேக்கல. எனக்க சம்மதம் இல்லாம போட்டிருக்கா."

சபிதா நிமிர்ந்து பார்த்தாள். "குடும்பத்துல பிரச்சினையா? ரெண்டு பேரும் சேந்துதானே இருக்கிய?"

"ஒரே வீட்டுல இருக்கோம்."

"அது இல்லண்ணா நான் கேட்டது. மனைவியா இங்க வச்சுக்கிட உங்களுக்கு இஷ்டந்தானே? நான் எழுதணும். யோசிச்சுச் சொல்லுங்க."

பக்கத்துத் தோட்டத்தில் யாரோ ரப்பர் ஷீட் உலர்த்தும் கம்பியை இழுத்துக் கட்டும் சத்தம் வந்தது. எட்சன் டிலானியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உதடு அசைந்தால் போதும். 'சொல்லுங்க' என்று ஒரு சொல். அவள் அவனைத்தான் பார்த்தாள். கண் எடுக்காமல் பார்த்தாள். அந்தப் பார்வையை அவனுக்குத் தெரியும். கதவிடுக்கில் நின்று பார்த்த அதே பார்வை.

"அவகிட்டயே கேளுங்க" என்றான் எட்சன். "எங்கிட்ட கேக்காம எல்லாம் செய்யத் தெரிஞ்சவதானே. எனக்கு ஒண்ணும் பறையதுக்கு இல்ல."

"அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஏட்டு டிலானியிடம் கேட்டாள்.

"அவர் சொன்னத எழுதிக்கங்க" என்றாள் டிலானி.

சபிதா அதை எழுதிக்கொண்டாள். எழுந்து போகும்போது எட்சனைத் தனியாக வாசலுக்கு அழைத்து, "சண்டைன்னா சண்டையோட இருக்கட்டும்ணா. ரெண்டு நாள்ல ஒரு கடிதம் கொண்டுபோய் நாகர்கோவில் ஆபீஸ்ல குடுத்துருங்க. அது தாண்டினா நான் எழுதிக் குடுத்ததுதான் அங்க நிக்கும்" என்றாள். எட்சன் தலையாட்டினான்.

ரெண்டு நாள் என்பதை, தான் டிலானிக்குக் கொடுக்கும் தவணையாக அவன் எடுத்துக்கொண்டான். அவள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஆரல்வாய்மொழியில் காற்றாலை வேலை நடக்கிற இடத்துக்கு ஜல்லி ஏற்றுகிற ஓட்டம் கிடைத்தது. அது ஒரு வாரம் இழுத்தது. அதன் பிறகும் அவன் இரண்டு நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு பயம் வந்தது. கடிதத்தை எழுதிக்கொண்டு நாகர்கோவிலுக்கு ஓடினான்.

அங்கிருந்த அதிகாரி அவனை உட்காரச் சொல்லி, மெதுவாகத்தான் பேசினார். மனு நிராகரிக்கப்பட்டுவிட்டது. கணவனே சம்மதமில்லை என்று சொன்ன பிறகு வேறு எப்படி முடிவெடுப்பது? விசாவும் முடிந்துவிட்டது. வெளியேறும் அனுமதி வாங்கிக்கொண்டு அவர்கள் போயாக வேண்டும். "நீங்க மனசு மாறியிருந்தா நல்லது. அவங்க ஊர்ல இருந்து புதுசா மனைவி விசாவுக்குப் போடட்டும். நீங்க இங்கிருந்து அழைப்புக் கடிதம் அனுப்புங்க. அதான் இப்ப இருக்கற வழி."

எட்சன் பஸ்ஸில் அழுதான். நிஜமாகவே அழுதான். பக்கத்தில் இருந்தவர் என்ன தம்பி என்று கேட்கிற அளவுக்கு அழுதான். வீட்டுக்கு வந்து டிலானியின் முன்னால் நின்று, "நான் நெனச்சே பாக்கல. ஏதோ கோபத்துல சொல்லிட்டேன். நீ போய் ஒரு மாசத்துல திரும்பி வந்திரலாம். நான் கடிதம் அனுப்புதேன்" என்றான்.

அவள் அதைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவன் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அவன் அத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்த அதே மாதிரி, இரண்டு கையாலும் அவன் காலைப் பிடித்தாள்.

"பிள்ளைய எங்கூட விடுங்க. பிரீனாவுக்கு பாஸ்போர்ட் எடுக்க உங்க கையெழுத்து வேணும். அத மட்டும் போடுங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல. உங்கள கையெடுத்துக் கும்பிடறேன்."

எட்சனுக்கு முதலில் நெஞ்சு விரிந்தது. பிறகுதான் அவள் கேட்பது தன்னை அல்ல என்று உறைத்தது. இந்த வீட்டில் இருக்க அவள் கேட்கவில்லை. போவதற்குக் கேட்கிறாள். பிள்ளை கூடப் போனால் அவள் திரும்பி வர வேண்டிய காரணம் என்ன?

"பிள்ள இந்தியாக்காரி" என்றான். "அவ எதுக்குப் போணும்? நீ திரும்பி வருவல்லா, அப்பம் பாத்துக்க."

அவள் பிடியை விடவில்லை. கதவோரம் நின்ற ஜெபகுமாரி, "ஏட்டி, எழும்பு. பிள்ள பாக்குது" என்றாள். அவள் குரலும் கொஞ்சம் உடைந்திருந்தது. ஆனால் அவளும் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கோர்ட்டுக்குப் போகலாம், வக்கீலைத் தெரியும் என்று லிஜி சொன்னாள். கோர்ட்டில் போய் நிற்கவும் விசா வேண்டுமே என்றாள் டிலானி. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எட்சன் பிரீனாவைத் தூக்கிக்கொண்டு நின்றான். டிலானி பிள்ளையிடம், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. "அம்மா பிளேன்ல தாத்தா வீட்டுக்குப் போறேன். தினமும் போன்ல பேசுவேன்" என்றாள். பிள்ளை கையசைத்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அம்மா மறைந்த பிறகுதான் அது என்ன நடந்தது என்று புரிந்துகொண்டு அலறத் தொடங்கியது. மார்த்தாண்டம் வரும்வரை நிற்கவில்லை.

டிலானி தினமும் கூப்பிட்டாள். பிரீனாவோடு பேசி முடித்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எட்சனிடம், "கடிதம் அனுப்பினீங்களா?" என்று கேட்பாள். முதல் ஞாயிறு அவன் கடிதத்தை எழுதி முடித்தே வைத்திருந்தான். ஆனால் அவள் குரலில் அந்தப் பழைய நடுக்கம் இருந்தது. அதைக் கேட்டதும் அவனுக்கு உடம்பெல்லாம் இளகியது. "நாளைக்கு அனுப்புதேன்" என்றான். அடுத்த ஞாயிறும் அதைச் சொன்னான். அன்று முழுக்க அவனுக்குப் பசி நன்றாக எடுத்தது. டெம்போவில் பாட்டுப் போட்டுக்கொண்டு போனான். ரோட்டில் வைத்து லிஜி மறித்து, "அண்ணா, ஒரு கடிதம்தானே. நான் இப்பமே ஏத்தித் தாரேன், வாங்க" என்றபோது, "ஆதார்ல பேர் தப்பா இருக்கு, அது சரியாகட்டும்" என்று பொய் சொன்னான்.

இப்படி ஓணமும் கடந்து போயிற்று. ஜெபகுமாரி பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாமல் முட்டுவலியோடு முனகினாள். "அவள வரச்சொல்லி எழுதேம்லே" என்று ஒரு நாள் அவளே சொன்னாள். அவன் அம்மாவை முறைத்தான்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு டிலானி கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் காத்திருந்துவிட்டு, "என்ன, ஒண்ணும் கேக்கலியா?" என்றான்.

"இல்லைங்க. எனக்கு துபாய்ல ஒரு வீட்டு வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் போறேன். ரெண்டு வருஷம். நீங்க கடிதம் அனுப்ப வேணாம்." அவள் குரல் தெளிவாக இருந்தது, நடுக்கம் இல்லை. "அங்க வெள்ளிக்கிழமை மட்டும்தான் லீவு. மத்தியானம் கூப்பிடுவேன். பிரீனாகிட்ட போன் குடுங்க. அவ பெரியவளாகி அவளே கேக்கட்டும். அது வரைக்கும் பேசிட்டிருப்பேன்."

"அப்பம் எனக்கு?"

"உங்களுக்கு என்னங்க?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவனுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

துபாய்க்குப் போன பிறகு முதல் வெள்ளிக்கிழமை. ஒரு ஓட்டம் இருந்தும் எட்சன் போகவில்லை. மத்தியானம் பிரீனாவைக் குளிப்பாட்டி, தலை சீவி, அவள் அம்மா செய்வது போலப் பொட்டு வைக்காமல் கன்னத்தில் பவுடர் அப்பி, மடியில் வைத்து புட்டும் பழமும் ஊட்டிக்கொண்டிருந்தான். போன் அவன் சட்டைப்பையில் இருந்தது. அது அதிரத் தொடங்கியது.

"அப்பா, போன்!" என்றாள் பிரீனா. "அம்மையா?"

"இல்ல மக்கா. ஜல்லிக்காரன்."

அவள் கையை நீட்டிப் பையைத் தொட்டாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த உருண்டையை வாயில் வைத்தான். அவன் நெஞ்சின் மேல் போன் அதிர்ந்து அதிர்ந்து நின்றது.

"அம்ம இன்னைக்கு பேசுவேன்னு சொன்னாளே?"

"அவளுக்கு அங்க சோலி இருக்கும். மறந்திருப்பா. நாளைக்குக் கூப்பிடுவா."

பிள்ளை மென்றுகொண்டே அதை யோசித்தது. மறந்திருப்பா என்பதை ஒரு தடவை தானும் சொல்லிப் பார்த்தது. பிறகு மடியிலிருந்து வழுக்கி இறங்கி, பூனைக்குட்டியைத் தேடிக் கிணற்றடிக்குப் போயிற்று.

போன் மறுபடி அதிர்ந்தது. எட்சன் வெளியே எடுத்துத் திரையில் டிலானியின் பெயரைப் பார்த்தான். ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். அது நின்றது. சற்று நேரத்தில் திரை மறுபடி ஒளிர்ந்தது. கூப்பிடுகிறாள். மீண்டும் கூப்பிடுகிறாள். அவன் சுவரில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, பிள்ளை மிச்சம் வைத்த புட்டைத் தின்னத் தொடங்கினான்.